540 ரூபாய்க்கு என்ன வாங்குகிறோம்? சம்பா பயிர்க் காப்பீடு பற்றி ஒரு கடைமடை விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டுப் போகிறவர்களுக்கு அதுவாவது பயன்படட்டும். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டுங்கள். அந்த விலைக்கு வேறு எதுவும் கிடைக்காது. ஆனால் உங்கள் வயலுக்குக் காப்பீடு எடுத்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்காதீர்கள், உங்கள் வயலை அது பார்ப்பதே இல்லை. இதை விளக்கத்தான் இவ்வளவு நீளம். கூடவே, காலநிலை மாற்றம் என்ற பேரில் வங்கிக்காரர்களும் கார்பன் கம்பெனிக்காரர்களும் இப்போது காவிரி டெல்டாவுக்குள் கொண்டுவரும் மற்ற சரக்குகளையும் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடலாம். எல்லாம் ஒரே கடைத்தெருதான்.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. சொந்தம் ஒன்பது மா (மூன்று ஏக்கர்), அதுபோகக் கோயில் நிலம் கொஞ்சம் குத்தகை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் மேலே உள்ளவர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது மட்டும் தஞ்சாவூரிலிருந்து வடிகிற அத்தனை தண்ணீரும் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் காப்பீட்டைத் தஞ்சாவூர் மேட்டுப் பகுதிக்காரர் ஒருவர் எழுதினால் வேறு மாதிரி எழுதுவார், அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

விலை. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் (பயிர் முழுதும் போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். மாவட்டத்துக்கு மாவட்டம், வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், ஆனால் ஏறக்குறைய இதுதான் கணக்கு. ஒரு மூட்டை யூரியாவும் ஒரு ஆள் கூலியும் சேர்த்துப் பார்த்தால்கூட இதைத் தாண்டிவிடும். கம்பெனி உண்மையில் கேட்கும் பிரீமியம் இதைப்போலப் பல மடங்கு, அந்த மிச்சத்தை மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக் கட்டுகின்றன. 2020-லிருந்து மத்திய அரசு தன் பங்குக்கு ஒரு எல்லை போட்டுவிட்டது: பாசன நிலம் என்றால் கம்பெனி கேட்கும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வரைக்கும்தான் அவர்கள் பங்கு தருவார்கள், மானாவாரி என்றால் 30. அதற்கு மேல் போனால் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லை போட்டவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, எந்த ஊரில் பிரீமியம் ஏறிக்கொண்டே போகும் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

விலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிடலாம்.

வாங்கும் அனுபவம் சுமார். அடங்கல், சிட்டா என்ற நிலப் பதிவுகள், ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றோடு இ-சேவை மையத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போக வேண்டும். வழக்கமாகக் கடைசித் தேதி நவம்பர் 15. எங்கள் பக்கம் தண்ணீர் தாமதமானால் அந்தத் தேதிக்குள் நடவே முடியாது, அப்போது விதைப்புச் சான்று வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் நடவேண்டிய நிலைமை. கடைசி வாரத்தில் சர்வர் படுத்துவிடும், கிராம நிர்வாக அலுவலர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும், பிறகு தேதியைத் தள்ளி வைப்பார்கள், தள்ளி வைப்பார்கள் என்று தெரிந்தே பாதிப் பேர் போகாமல் இருப்பார்கள். இதெல்லாம் பழகிப்போன கூத்து. குத்தகைக்காரர்கள் பாடு தனி, சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதில் ஒன்று மட்டும் கவனம். பயிர்க்கடன் வாங்கியிருந்தால் வங்கியே பிரீமியத்தைப் பிடித்துக்கொள்ளும். 2020 காரிப் (ஜூனில் தொடங்கும் பருவம்) முதல் இது கட்டாயம் இல்லை, வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், பிடித்தது சரியாகப் பதிவாயிற்றா என்று நாம் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வங்கிக் கிளையில் பக்கத்துக் கிராமத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துவிட்டார்கள். அந்தக் கிராமத்துக்கு இழப்பீடு இல்லை, அவருடைய ஊருக்கு உண்டு. அவர் அலைந்த அலைச்சலில் அந்தத் தொகையே பெட்ரோலுக்குப் போயிருக்கும். ரசீதில் கிராமம், சர்வே எண், பயிர், பரப்பு நான்கையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு எது என்பதையும் பாருங்கள், பணம் வந்தால் அதில்தான் வரும்.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம்.

நெல்லுக்கு இங்கே காப்பீட்டின் அலகு வருவாய்க் கிராமம். உங்கள் ஊரில் கணினி எழுப்பும் எண்ணை வைத்து நான்கு வயல்களைத் தேர்ந்தெடுப்பார்கள், ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு பிடித்து அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. அதில் வரும் சராசரிதான் அந்த வருடம் உங்கள் ஊரின் மகசூல். இன்னொரு பக்கம் உத்தரவாத மகசூல் என்று ஒன்று இருக்கிறது: கடந்த 7 வருடத்தில் நன்றாக விளைந்த 5 வருடங்களின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று மாநிலம் அறிவித்ததை வைப்பார்கள். ஊர் மகசூல் இதற்குக் கீழே விழுந்தால், எத்தனை சதவீதம் விழுந்ததோ அத்தனை சதவீதம் காப்பீட்டுத் தொகை கிடைக்கும். உதாரணத்துக்கு உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,500 கிலோ, பரிசோதனையில் 1,200 கிலோ வந்தது என்றால் குறைவு 20 சதவீதம். 36,000-ல் 20 சதவீதம் 7,200 ரூபாய். ஊரில் கட்டிய எல்லாருக்கும் அதே 7,200. உங்கள் வயலில் ஒரு மணிகூட அறுக்கவில்லை என்றாலும் 7,200. மேட்டில் முப்பது மூட்டை கண்டவருக்கும் 7,200. பரிசோதனைக்கு விழுந்த நான்கும் மேட்டு வயலாகிவிட்டால் எல்லாருக்கும் பூஜ்யம்.

திட்டம் மோசடி என்று சொல்லவில்லை. வறட்சி வந்தால் இது அருமையாக வேலை செய்யும். 2016-17-ல் காவிரியும் வரவில்லை, வடகிழக்கும் பெய்யவில்லை, ஊர் முழுக்க ஒரே மாதிரி காய்ந்தது, நான்கு வயலை எடுத்தாலும் நாற்பது வயலை எடுத்தாலும் ஒரே விடைதான். டெல்டாவில் பல கிராமங்களுக்கு நல்ல தொகை வந்தது. இன்றைக்கும் டீக்கடையில் "இன்சூரன்சுல எனக்கு அவ்வளவு வந்துச்சுல்ல" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அந்த வருடத்தைத்தான் சொல்வார்கள். வெள்ளம் அப்படி வராது. ஒரே கிராமத்தில் வாய்க்கால் கரையோர மேட்டில் பயிர் பசுமையாக நிற்கும், அரை கிலோமீட்டர் தள்ளிப் பள்ளக்காலில் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகும். சராசரி போட்டால் ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது நமக்கு வருவது எந்த மாதிரி மழை? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்கு நின்ற கதிரின் மேல் பெய்தது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். முன்பு மாதம் முழுக்கப் பரவிப் பெய்தது இப்போது இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போகிறது, அப்படிக் கொட்டும்போது யார் வயல் பள்ளம், யார் வடிகால் அடைப்பு என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வறட்சிக்குத் தைத்த சட்டையை வெள்ளத்துக்கு மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

தனி வயலைப் பார்க்கும் பிரிவு திட்டத்தில் இல்லவே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, இடியால் தீப்பிடிப்பது போன்றவற்றுக்கு வயல் வாரியாக வந்து பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி. நீரில் மூழ்குவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2018-ல் நெல்லுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டார்கள். தண்ணீரில் நிற்கும் பயிர், மூழ்கியதில் எவ்வளவு சேதம் என்று மதிப்பிடுவது கடினம், ஏமாற்ற வாய்ப்பு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அதே 2018 நவம்பர் 16-ல்தான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதன் பிறகு 2020-ல் நிவர், பின்னாலேயே புரெவி. டெல்டாவில் நெல்லைத் தவிர எது மூழ்கும்? ஆலங்கட்டிக்குக் காப்பீடு கொடுத்துவிட்டு மூழ்குவதற்கு இல்லை என்பது எங்களுக்கு விற்கும் பொருளா என்ன, திருத்துறைப்பூண்டியில் நிலச்சரிவுக்கு நான் எங்கே போவது?

நல்ல செய்தி, அந்தப் பிரிவைத் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது, 2026 காரிப்பிலிருந்து நடைமுறை. காட்டு விலங்குச் சேதத்தையும் சேர்த்திருக்கிறார்கள், நாகப்பட்டினம் பக்கம் பன்றித் தொல்லை உள்ளவர்களுக்கு உதவும். 72 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், செயலியில் இடக்குறியோடு படம் போட வேண்டும். மார்பளவு தண்ணீரில், மின்சாரம் இல்லாமல், சார்ஜ் இல்லாத போனோடு 72 மணி நேரம் என்பது எப்படிப் போகும் என்று அறிவித்தவர்களுக்குத் தெரியுமா தெரியவில்லை, இருந்தாலும் வந்ததே பெரிது. சம்பாவில் அது எப்படி வேலை செய்கிறது என்பது வரும் ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். இந்தப் பிரிவு ஒழுங்காக நடந்தால் இந்த விமர்சனத்தில் பாதியை நானே அழித்துவிடுவேன்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இதில்தான் சண்டை வருகிறது. மழை நின்றதும் வேளாண் உதவி அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து வயல் வயலாகக் கணக்கெடுக்கிறார்களே, அது காப்பீட்டுக்கானது இல்லை. அது அரசு நிவாரணத்துக்கு, 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் கொடுப்பது. 2023 பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது அந்த வகை. காப்பீட்டுக் கணக்கு தை, மாசியில் அறுவடைப் பரிசோதனை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும், பணம் வருவதற்குள் அடுத்த குறுவை வந்துவிடும். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி என்று விதியில் இருக்கிறது. யாராவது வாங்கியிருந்தால் கீழே எழுதுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது. பரிசோதனை நாளன்று ஊரில் யாராவது போய் நின்று பார்க்க வேண்டும், அதற்குத் தடையில்லை. எங்கள் ஊரில் போய் நிற்பவர்கள் குறைவு, பேசுகிறவர்கள் அதிகம். 2023 காரிப்பிலிருந்து செயற்கைக்கோள் கணிப்புக்கும் நெல் மகசூலில் 30 சதவீத எடை கொடுக்கலாம் என்று வந்திருக்கிறது, கயிறு பிடிப்பவர் தப்பு செய்தால் வானத்திலிருந்து திருத்துவார்களாம்.

அறுத்த பிறகு? அறுத்து வயலிலேயே பரப்பிக் காயவைத்திருக்கும்போது புயலோ பருவம் தப்பிய மழையோ வந்தால் 14 நாள் வரை காப்பீடு உண்டு. கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்து வைத்தது நனைந்தால் கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பினால் அதற்கும் கிடையாது. 2025 அக்டோபரில் குறுவை நெல் சாலையோரம் முளைவிட்டுக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். எங்கே நஷ்டம் அதிகமோ அங்கே இந்தப் பொருள் நின்றுவிடுகிறது.

விற்பவர் பக்கம் எப்படி என்று பார்த்தால்தான் எனக்கு இந்த விஷயமே புரிந்தது. 2021-22-லிருந்து தமிழ்நாட்டில் 80:110 என்ற முறை. பிரீமியமாக 100 ரூபாய் வசூலானால், இழப்பீடு 110 ரூபாய் வரைக்கும்தான் கம்பெனி பொறுப்பு, அதற்கு மேல் போனால் மாநில அரசு கொடுக்கும். இழப்பீடு 80-க்குக் கீழே இருந்தால் மிச்சத்தை அரசுக்குத் திருப்ப வேண்டும், 20 வரை கம்பெனி வைத்துக்கொள்ளலாம். முன்பு நல்ல வருடத்தில் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போகின்றன என்று கத்தினோம், அதற்கு இது பதில், அந்த வகையில் நியாயம்தான். ஆனால் மறுபக்கமும் பாருங்கள்: நல்ல வருடம் என்றால் அவர்களுக்கு 20 லாபம், எவ்வளவு கெட்ட வருடம் என்றாலும் 10-க்கு மேல் நஷ்டம் இல்லை. அந்தப் பத்திலும் ஒரு பங்கை மறுகாப்பீடு (கம்பெனி தனக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடு) என்று ஜிஐசி ரீ போன்ற நிறுவனங்களிடம் தள்ளிவிடலாம், அவர்கள் அதில் ஒரு பகுதியை வெளிநாட்டுக்குத் தள்ளுவார்கள்.

நிதித்துறைக்குக் காலநிலை மாற்றம் புரியவில்லை, விழிப்புணர்வு வேண்டும் என்று கருத்தரங்கு போடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. நம்மைவிட அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது, எங்கே தங்கள் பணம் மாட்டுமோ அங்கே வரப்பை முதலில் உயர்த்திக்கொள்கிறார்கள். மூழ்குவதை எடுத்தது, மத்திய பங்குக்கு எல்லை போட்டது, 110-ல் நிறுத்தியது, எல்லாமே டெல்டா மாதிரி இடத்தில் இனி என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் செய்ததுதான். அந்தக் கணக்கை நம் பக்கத்துக்கு யாரும் போட்டுக் கொடுக்கவில்லை.

மழை அளவை வைத்தே கொடுக்கும் காப்பீடு இருக்கிறது, அதைக் கொண்டுவரலாமே என்று ஒரு தம்பி கேட்டான். புதுசு ஒன்றும் இல்லை, 2003-லேயே ஆந்திராவின் மகபூப்நகரில் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்கு விற்றுப் பார்த்தார்கள். இத்தனை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இவ்வளவு ரூபாய், அறுவடைப் பரிசோதனையே வேண்டாம். இப்போது நாகாலாந்து மாநில அரசே மழை அளவை வைத்துப் பேரிடர்க் காப்பீடு எடுத்திருக்கிறது. வேகம்தான் அதன் பெரிய பலம், சீர்காழியில் 44 சென்டிமீட்டர் பதிவான மறுநாளே பணம் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பள்ளக்காலுக்கு இது பொருந்துமா என்றால் சந்தேகம். எங்கள் வயலை மூழ்கடிப்பது எங்கள் ஊரில் பெய்த மழை மட்டும் இல்லையே. மேலே பெய்தது வெண்ணாற்றுக் கிளைகளில் வந்து, வெங்காயத்தாமரை அடைத்த வடிகாலில் தேங்கி, கடலில் ஓதம் ஏறியிருந்தால் இறங்க முடியாமல் எங்கள் மேல் ஏறுகிறது. திருத்துறைப்பூண்டி மழைமானி சும்மா இருக்கும்போதே பயிர் மூழ்கியிருக்கும்.

அதனால்தான் ஒன்று சொல்லவேண்டும்: காலநிலை நிதி என்ற பேரில் வந்ததில் எங்கள் பக்கம் கண்ணால் பார்க்க முடிந்தது வெண்ணாறு உபவடிநிலத் திட்டம்தான். ஆசிய வளர்ச்சி வங்கி 2016-ல் 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால் ஆகியவற்றில் கரைகளும், தண்ணீரைத் திறந்து அடைக்கும் இயக்கு அணைகளும். கட்டிய இடங்களில் பயன் தெரிகிறது, பராமரிக்காத இடங்களில் வெங்காயத்தாமரை மண்டுகிறது. கடன்தான், நாம்தான் திருப்பிக் கட்டப்போகிறோம், ஆனாலும் ஒரு ஷட்டர் ஒழுங்காக ஏறி இறங்கினால் அது எந்தக் காப்பீட்டையும் விட மேல்.

இனி பக்கத்துக் கடைகள்.

பசுமை வைப்பு நிதி. 2023 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதி போட்டது, ஜூன் 1-லிருந்து நடைமுறை. நாம் போடும் பணத்தைச் சூரியமின்சாரம், தூய போக்குவரத்து, நீர் மேலாண்மை, காலநிலைத் தகவமைப்பு போன்றவற்றுக்குத்தான் கடன் கொடுக்க வேண்டும், வருடம் ஒருமுறை வெளியாள் சரிபார்க்க வேண்டும். ஸ்டேட் வங்கி 2024 ஜனவரியில் 1,111, 1,777, 2,222 நாள் என்று கொண்டுவந்தது, வட்டி சாதாரண வைப்பைவிட 0.10 சதவீதம் குறைவாக அறிவித்தார்கள். பாதுகாப்பு ஒன்றுதான், மற்ற வைப்பு மாதிரியே 5 லட்சம் வரை காப்பீடு. நல்ல எண்ணத்தில் போடுகிறவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் ஒரு வேடிக்கை, 2024 மே மாதக் கடைசியில் மத்திய அரசு பசுமைத் திட்டங்களுக்குக் கடன் திரட்ட 6,000 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திர ஏலம் விட்டபோது வந்த பெரிய பெரிய முதலீட்டாளர்கள் கேட்ட வட்டி கட்டுப்படியாகாமல் ரிசர்வ் வங்கி ஒரு விண்ணப்பத்தைக்கூட ஏற்கவில்லை. கோடிக்கணக்கில் வைத்திருப்பவர்கள் பசுமைக்காக ஒரு நயா பைசா விட்டுத்தர மாட்டார்கள், ஓய்வூதியக்காரர் வந்து 0.10-ஐ விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பணம் எங்கள் ஊர் வடிகாலுக்கு வருமா? விதிப்படி வரலாம். ஆனால் சூரியப் பூங்காவுக்குக் கொடுத்தால் இத்தனை டன் கரி மிச்சம் என்று அறிக்கையில் போடலாம், கடனும் மாதாமாதம் திரும்பி வரும். வடிகால் தூர்வாரினால் எது திரும்பி வரும், யார் கட்டுவார்கள்? எந்த வங்கி மேலாளராக இருந்தாலும் பூங்காவைத்தான் பார்ப்பார்.

கார்பன் கிரெடிட் கதைதான் சுவாரசியம். வெப்பத்தைப் பிடிக்கும் வாயுவைக் குறைத்ததற்குச் சான்று வாங்கி, அதை விற்பதுதான் கிரெடிட். அப்படி ஒரு கம்பெனிக்காக, வயலில் புதைக்கக் குழாய் கொண்டுவந்த தம்பி நல்ல பையன், பக்கத்து ஊர்தான்.

"அண்ணே, தண்ணியக் காயவிட்டுக் காயவிட்டுக் கட்டுனா மீத்தேன் குறையும். அதுக்குக் கம்பெனி காசு குடுக்கும். குழாய் இலவசம்ணே."

"காசு எப்பப்பா வரும்?"

"வெரிஃபிகேஷன் முடிஞ்சதும்ணே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா சொன்னார்: "மார்கழியில தண்ணி வடிஞ்சா போதும்னு கும்பிட்டுக் கெடக்கோம், நீ காயவிடச் சொல்றியே தம்பி."

முறை நல்ல முறைதான், காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வேளாண்துறை எத்தனையோ வருடமாகச் சொல்வது. ஓட்டை போட்ட 30 சென்டிமீட்டர் குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் திரும்பக் கட்ட வேண்டும். நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடிக்கிறது, நின்ற தண்ணீரில்தான் அது உண்டாகிறது, அதனால் குறைத்தால் உலகத்துக்கு லாபம், போர் வைத்துக் குறுவை செய்பவருக்கு டீசல், கரண்ட் மிச்சம். நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் மோட்டார் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

எங்கள் மாதிரி கடைமடைச் சம்பாவில் சித்தப்பா சொன்னதுதான் நிலவரம், வடகிழக்குப் பருவத்தில் வயலைக் காயவிடும் சாவி எங்கள் கையில் இல்லை. அது ஒன்று. இரண்டாவது இன்னும் சிக்கல்: கிரெடிட் கொடுக்க வேண்டுமென்றால் இந்தத் திட்டம் இல்லாவிட்டால் நீங்கள் காயவிட்டிருக்க மாட்டீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் பயிர் தானாகவே காய்ந்து காய்ந்துதான் பாய்கிறது. அதைக் காட்டி யாராவது கிரெடிட் விற்றால், பின்னால் சரிபார்க்க வருபவர் கேட்க மாட்டாரா? கேட்டார்கள். கிரெடிட்டுகளைப் பதியும் வெர்ரா என்ற அமெரிக்க அமைப்பு 2023-ல் பழைய நெல் கணக்கீட்டு முறையை நிறுத்தியது, 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் திட்டங்களை மொத்தமாகத் தள்ளியது, 2025-ல்தான் புது முறை வெளியிட்டது. நம் நாட்டிலும் 2023-ல் கார்பன் வணிகத் திட்டம் அறிவிப்பாகியிருக்கிறது, சந்தை இனிமேல்தான் சூடு பிடிக்க வேண்டும். எங்கேயோ ஒரு அலுவலகத்தில் கணக்கு தள்ளுபடியானால் இங்கே குழாய் புதைத்தவருக்கு என்ன? குழாய்தான்.

அந்த ஒப்பந்தத் தாளை வாங்கிப் படித்தேன். கார்பன் உரிமை பல வருடத்துக்குக் கம்பெனிக்கு என்று இருக்கிறது, விலை எவ்வளவு என்று இல்லை, விற்ற பணத்தில் பங்கு என்று மட்டும் இருக்கிறது. கோயில் நிலத்துக்கு உரிமை யாருடையது, எனக்கா, கோயிலுக்கா, அறநிலையத்துறைக்கா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனக்கு உண்மையில் பயம் வேறு ஒன்றில். 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு வரைவு விதி வெளியிட்டது, காலநிலையால் தங்கள் கடன்களுக்கு என்ன ஆபத்து என்று வங்கிகள் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும் என்று. நல்ல விதிதான். ஆனால் அப்படிக் கணக்கெடுத்தால் வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி எல்லாம் வரைபடத்தில் சிவப்பாகத்தான் தெரியும். 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 என்று வட்டியை அரசு கட்டிப்போட்டிருக்கிறது, அதனால் ஏற்ற முடியாது. ஏற்ற முடியாதபோது கொடுக்காமல் இருப்பது எளிது, இல்லை நகையைக் கொண்டு வா என்பது எளிது. இப்போதே பாதி ஊர் நகைக்கடனில்தான் சாகுபடி செய்கிறது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: காப்பீடு விலைக்கு 5, வாங்கும் அனுபவத்துக்கு 3, வறட்சிக்கு 4, வெள்ளத்துக்கு 1. மூழ்குவதற்கான பிரிவு சம்பாவில் சரியாக நடந்தால் அந்த 1-ஐ மாற்றுகிறேன். பள்ளக்காலில் சி.ஆர். 1009 சப்1 மாதிரி மூழ்கினாலும் தாங்கும் ரகத்தைப் போட்டுவிட்டு, மேலே 540-ஐயும் கட்டிவிடுவது என் வழி. பசுமை வைப்புக்கு உங்கள் இஷ்டம், கார்பனுக்கு மோட்டார் இருந்தால் மட்டும், அதுவும் தாளைப் படித்துவிட்டு. புகார் சொல்ல 14447, மழை பெய்யாத நாளில் கூப்பிட்டால் எடுக்கிறார்கள்.

குழாய்த் தம்பியிடம் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன், குத்தகை நிலத்தில் கிரெடிட் யாருக்கு, பதிவு தள்ளுபடியானால் எங்களுக்கு ஏதாவது உண்டா என்று. சென்னையில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். பதில் வந்தால் இதே இடத்தில் சேர்க்கிறேன்.